பழைய நூல்களைத் தேடித்தரும் இணையதளங்கள்: ஓர் ஒப்பீடு

அச்சில் இல்லாத நூல்கள், ஒருவர் பயன்படுத்தி விற்ற நூல்கள், நூறாண்டுக்கு முற்பட்ட அரிய பதிப்புகள் ஆகியவற்றை உலகெங்கும் உள்ள பழைய புத்தக விற்பனையாளர்களிடமிருந்து தேடிக் கண்டுபிடிக்க உதவும் தளங்கள் பழைய நூல் தேடல் தளங்கள் எனப்படும். இவற்றுள் ஏப்புக்ஸ், அலிப்ரிஸ், பிப்லியோ, புக்ஃபைண்டர், ஆட்ஆல், வியாலிப்ரி ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு பெட்டியில் நூலாசிரியர் பெயரையும் தலைப்பையும் இட்டால் விலைப்பட்டியல் வருகிறது. ஆனால் அவை இயங்கும் முறையும், அவற்றின் உரிமையாளர்களும், எந்தத் தேவைக்கு எது பொருந்தும் என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாடுகளையும், மாணவர்களும் ஆய்வாளர்களும் பணத்தையும் நேரத்தையும் இழக்காமல் சரியான பதிப்பைப் பெறும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இணையம் வருவதற்கு முன் பழைய நூல் வணிகம் அச்சிட்ட பட்டியல்களையே நம்பி நடந்தது. பிரிட்டனில் ‘தி கிளிக்’, அமெரிக்காவில் ‘ஏ.பி. புக்மேன்ஸ் வீக்லி’ போன்ற வணிக இதழ்களில் “இந்த நூல் தேவை” என்று விற்பனையாளர்கள் விளம்பரம் செய்வார்கள். அந்நூலை வைத்திருக்கும் வேறொரு விற்பனையாளர் அஞ்சலட்டையில் விலையைக் குறிப்பிட்டு எழுதுவார். ஒரு நூல் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். நம் ஊரில் சென்னை மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் கடை கடையாக நின்று தேடுவதே வழியாக இருந்தது. 1985 இல் நேர்ந்த தீ விபத்துடன் மூர் மார்க்கெட் கட்டடம் அழிந்தது.

1990களில் நிலைமை மாறியது. விற்பனையாளர்கள் தங்களுக்குள் இருப்புப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ள ‘இன்டர்லாக்’ என்னும் கணினித் தரவுத்தளம் அமெரிக்காவில் தோன்றியது. அதிலிருந்து வளர்ந்ததே அலிப்ரிஸ். 1996 இல் கனடாவின் விக்டோரியா நகரில் ஏப்புக்ஸ் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஜெர்மன் மொழி நாடுகளின் பழைய நூல் விற்பனையாளர்களுக்காக இசட்.வி.ஏ.பி. என்னும் தளம் உருவானது. 1997 இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக இருந்த அனிர்வான் சாட்டர்ஜி, பல தளங்களை ஒரே நேரத்தில் தேடும் புக்ஃபைண்டரை உருவாக்கினார். வணிக இதழ்களின் காலம் முடிவுக்கு வந்தது. 1948 இல் தொடங்கிய ‘ஏ.பி. புக்மேன்ஸ் வீக்லி’ 1999 இல் நின்றுபோனது.

இருவகைத் தளங்கள்

ஒப்பிடத் தொடங்கும் முன் ஓர் அடிப்படை வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல்வகை, சந்தைத் தளங்கள். ஏப்புக்ஸ், அலிப்ரிஸ், பிப்லியோ, இசட்.வி.ஏ.பி. ஆகியவை இவ்வகை. இங்கு விற்பனையாளர்கள் தங்கள் நூல்களைத் தாங்களே பட்டியலிடுகிறார்கள். வாங்குபவர் பணத்தைத் தளத்தின் வழியே செலுத்துகிறார். தளம் விற்பனையாளரிடம் தரகு பெறுகிறது. நூல் தளத்திடம் இருப்பதில்லை; எங்கோ ஓர் ஊரில் உள்ள கடையின் அலமாரியில் இருக்கும்.

இரண்டாம் வகை, கூட்டுத் தேடல் தளங்கள். புக்ஃபைண்டர், ஆட்ஆல், வியாலிப்ரி ஆகியவை இவ்வகை. இவை எதையும் விற்பதில்லை. நாம் கேட்பதைப் பல சந்தைத் தளங்களிடம் ஒரே நேரத்தில் கேட்டு, வரும் விடைகளைத் தொகுத்துக் காட்டுகின்றன. வாங்க விரும்பினால் அந்தந்தத் தளத்துக்கு நம்மை அனுப்பிவிடும்.

ஒரே விற்பனையாளர் தம் நூலை மூன்று நான்கு சந்தைத் தளங்களில் பட்டியலிடுவது வழக்கம். எனவே கூட்டுத் தேடலில் எட்டுப் பிரதிகள் தெரிந்தால் உண்மையில் எட்டுப் பிரதிகள் இருப்பதாகப் பொருளில்லை. விவரிப்பும் ஊரும் ஒத்திருந்தால் அது ஒரே பிரதிதான். தளத்துக்குத் தளம் விலை சற்று மாறுவதும் உண்டு.

சந்தைத் தளங்கள்

ஏப்புக்ஸ்: இவ்வகையில் மிகப் பெரியது. ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், வெளியான ஆண்டு எல்லை, முதற்பதிப்பு, கையெழுத்திட்ட பிரதி, மேலுறை உள்ளது எனப் பல கூறுகளால் வடிகட்டலாம். பழைய நூல் தேடுவோருக்கு இதன் விரிவான தேடல் பக்கமே முதன்மையானது. முகப்பில் உள்ள ஒற்றைப் பெட்டியில் தேடுவதோடு நிறுத்திவிடக் கூடாது.

அலிப்ரிஸ்: பாடநூல்கள், அண்மைக் காலத்தில் அச்சு நின்ற நூல்கள், நூலகங்களுக்கான கொள்முதல் ஆகியவற்றுக்கு ஏற்றது. பெரிய கிடங்கு விற்பனையாளர்கள் பலர் இங்கு உள்ளனர். மிக அரிய பதிப்புகளுக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

பிப்லியோ: அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஷ்வில் நகரைச் சேர்ந்தது. அமேசான் குழுமத்தைச் சாராத தனித்த நிறுவனம். தனிக்கடை நடத்தும் விற்பனையாளர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். பொதுவாக ஏப்புக்ஸை விடச் சிறிய இருப்பு என்றாலும், கடைக்காரர் நூலைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதிய விவரிப்புகளை இங்கு மிகுதியாகக் காணலாம்.

இசட்.வி.ஏ.பி.: ஜெர்மன் மொழி நூல்களுக்கும், ஜெர்மனியில் வெளியான இந்தியவியல், மொழியியல் ஆய்வுகளுக்கும் உகந்தது.

இவற்றோடு, பன்னாட்டுப் பழம்நூல் விற்பனையாளர் கூட்டமைப்பும் தன் உறுப்பினர்களின் நூல்களைத் தேட ஒரு வசதியை வழங்குகிறது. உறுப்பினர்கள் நடத்தை நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால், பெருந்தொகை கொடுத்து அரிய நூல் வாங்குவோருக்கு இது பாதுகாப்பான வழி.

கூட்டுத் தேடல் தளங்கள்

புக்ஃபைண்டர்: புதிய நூல், பழைய நூல் இரண்டையும் தேடுகிறது. நாம் இருக்கும் நாட்டைத் தெரிவித்தால் அஞ்சல் செலவையும் சேர்த்த மொத்த விலையைக் காட்ட முயல்கிறது. வெறும் விலையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இது பெரிய உதவி. சிலர் நூலுக்கு மிகக் குறைந்த விலை வைத்து, அஞ்சல் செலவில் அதை ஈடுகட்டுவார்கள்.

ஆட்ஆல்: தோற்றத்தில் எளிமையானது. புதிய நூல்களுக்கும், அச்சில் இல்லாத பழைய நூல்களுக்கும் தனித்தனித் தேடல் பக்கங்கள் உண்டு. பழைய நூல் தேடுபவர் இரண்டாவது பக்கத்துக்கே செல்ல வேண்டும்.

வியாலிப்ரி: அரிய நூல்களையே முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்டது. வெளியான ஆண்டைக் கொண்டு தேடலைக் குறுக்குவது இதன் பெரும் பலம். ஐரோப்பிய மொழிகளின் சிறிய சந்தைத் தளங்களையும் சேர்த்துத் தேடுகிறது. நாம் தேடும் நூல் இன்று கிடைக்காவிட்டால், கிடைக்கும்போது மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதியும் உண்டு.

உரிமையும் அதன் விளைவும்

தளங்கள் பல என்றாலும் உரிமையாளர்கள் அத்தனை பேர் இல்லை. புக்ஃபைண்டரை 2005 இல் ஏப்புக்ஸ் வாங்கியது. ஏப்புக்ஸை 2008 இல் அமேசான் வாங்கியது. இசட்.வி.ஏ.பி. 2011 இல் ஏப்புக்ஸ் வசமானது. அதாவது ஏப்புக்ஸ், இசட்.வி.ஏ.பி., புக்ஃபைண்டர் என்று மூன்று கதவுகளைத் தட்டுபவர் ஒரே வீட்டுக்குள்தான் நுழைகிறார். புக்ஃபைண்டர் போட்டித் தளங்களின் நூல்களையும் காட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதனால் என்ன என்று கேட்கலாம். 2018 நவம்பரில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்கொரியா, ஹங்கேரி, செக் குடியரசு, ரஷ்யா முதலிய நாடுகளின் விற்பனையாளர்களுக்கு இனித் தளத்தில் இடமில்லை என்று ஏப்புக்ஸ் அறிவித்தது. பணப் பரிமாற்ற ஏற்பாட்டில் உள்ள சிக்கலைக் காரணமாகச் சொன்னது. பல ஆண்டுகளாக அத்தளத்தையே நம்பிப் பிழைத்த கடைக்காரர்கள் திகைத்தனர். உடனே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான விற்பனையாளர்கள் தங்கள் நூல்களைத் தளத்திலிருந்து தற்காலிகமாக விலக்கிக்கொண்டார்கள். சில நாள்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு நிறுவனத்தின் ஒரு முடிவால் சில நாடுகளின் பழைய நூல்கள் தேடுவோர் கண்ணிலிருந்து மறைந்துவிடக் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. தேடும்போது இரு வேறு உரிமையாளர்களின் தளங்களையாவது பார்ப்பது வாங்குபவருக்கும் நல்லது, விற்பவருக்கும் நல்லது.

ஒரு தேடல்: கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம்

தளங்களின் வேறுபாடு ஒரு குறிப்பிட்ட நூலைத் தேடும்போதுதான் தெளிவாகப் புரியும். இராபர்ட் கால்டுவெல் ஆங்கிலத்தில் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். இதன் முதற்பதிப்பு 1856 இல் இலண்டனில் வெளியானது. ஆசிரியரே திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875 இல் வந்தது. அவர் மறைவுக்குப் பின் வேறு இருவர் திருத்திப் பதிப்பித்த மூன்றாம் பதிப்பு 1913 இல் வந்தது. பின்னர் 1956 இல் சென்னைப் பல்கலைக்கழகம் இம்மூன்றாம் பதிப்பை மறுபதிப்பாக வெளியிட்டது.

இவை ஒரே நூலின் வெவ்வேறு அச்சுகள் மட்டும் அல்ல. 1875 பதிப்பில் இருந்த சில பகுதிகள் 1913 பதிப்பில் நீக்கப்பட்டன. பறையர்கள் திராவிடர்களா, நீலகிரித் தோடர்கள் திராவிடர்களா என்று ஆராயும் பிற்சேர்க்கைகள் அவற்றுள் அடங்கும். 1913 பதிப்பையோ அதன் மறுபதிப்பையோ வாங்கி, “கால்டுவெல் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை” என்று ஒரு மாணவர் எழுதினால் அது பிழையாகிவிடும். பிழை மாணவருடையது அன்று; அவர் கையில் இருந்த பதிப்பினுடையது. ஆயினும் மதிப்பெண்ணை இழப்பவர் மாணவரே. 1875 பதிப்பின் முழு வடிவத்தை 2008 இல் கவிதாசரண் பதிப்பகம் மீண்டும் வெளியிட்டது. ஆகவே இங்குப் பழைய பதிப்பைக் காட்டிலும் ஒரு புதிய மறுபதிப்பு அதிகப் பயன்தருவதாக இருக்கிறது. ஆண்டு பழையதா என்பதை விட, எந்தப் பதிப்பின் பாடம் என்பதே முக்கியம்.

இப்போது தேடலுக்கு வருவோம். சந்தைத் தளத்தின் ஒற்றைப் பெட்டியில் ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் இட்டு, குறைந்த விலை முதலில் வருமாறு வரிசைப்படுத்தினால், அண்மையில் அச்சான மறுபதிப்புகளே முன்னால் நிற்கும். 1875 பிரதி எங்கோ கடைசிப் பக்கங்களில் இருக்கும். வியாலிப்ரியிலோ ஏப்புக்ஸின் விரிவான தேடலிலோ ஆண்டு எல்லையை 1850 முதல் 1913 வரை என்று அமைத்தால் மூல அச்சுகளை நோக்கிப் பட்டியல் சுருங்கும். படிப்பதற்கு ஒரு மறுபதிப்பு போதும் என்றால் புக்ஃபைண்டரில் அஞ்சல் செலவு சேர்ந்த விலையைப் பார்த்து வாங்கலாம். வாங்கும் முன் “இது எந்த ஆண்டுப் பதிப்பின் மறு அச்சு?” என்று விற்பனையாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

நூல் எண் என்னும் துப்பு

பன்னாட்டுத் தர நூல் எண் எனப்படும் ஐ.எஸ்.பி.என். 1970 இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. முதலில் 10 இலக்கங்களாக இருந்தது, 2007 முதல் 13 இலக்கங்களாயிற்று. அண்மைக்கால நூலைத் தேட இவ்வெண்ணே சிறந்த வழி. ஒரே தலைப்புள்ள வேறு நூல்களின் குழப்பம் இராது. ஆனால் 1970க்கு முற்பட்ட நூலுக்கு இவ்வெண் இருக்க முடியாது. எனவே “1875” என்று ஆண்டு குறிப்பிட்ட ஒரு பட்டியலில் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இருந்தால், அது பெரும்பாலும் அண்மைக்கால மறுபதிப்பே. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் பாதி ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

இவ்விதியை இக்கட்டுரையாளர் பணம் கொடுத்தே கற்றுக்கொண்டார். பணி ஓய்வு பெற்ற புதிதில், 19ஆம் நூற்றாண்டு ஆண்டு போட்ட ஓர் இலக்கண நூலை, விலை மலிவாக இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் வரவழைத்தேன். பொதியைப் பிரித்தால் பளபளக்கும் அட்டையுடன் புத்தம் புதிய நூல். உள்ளே மூலநூலின் ஒளிப்படிகள், சில பக்கங்களில் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தன. விவரிப்பை மறுபடி படித்துப் பார்த்தேன். ‘ரீப்ரின்ட்’ என்ற சொல் கடைசி வரியில் இருக்கத்தான் செய்தது. முழுவதும் படிக்காதது என் தவறு. வகுப்பில் எத்தனை முறை “வினாவை முழுவதும் படி” என்று சொல்லியிருப்பேன்!

விவரிப்பைப் படிக்கும் முறை

பழைய நூல் வணிகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப்பொருள் உண்டு. ‘ஃபைன்’ என்றால் ஏறக்குறையப் புதிது போன்றது. ‘வெரி குட்’ என்றால் சிறு தேய்மானம் உண்டு, கிழிசல் இல்லை. ‘குட்’ என்பது நல்லது என்று பொருள்படாது. பலர் புழங்கிய, ஆனால் பக்கங்கள் முழுமையாக உள்ள சராசரி நூல் அது. ‘ஃபேர்’ என்றால் பாடம் முழுமையாக இருக்கும், முன்பின் வெற்றுத்தாள்கள் இல்லாமல் போயிருக்கலாம். ‘பூவர்’ என்றால் படிக்க மட்டுமே உதவும். ‘வெரி குட், குட்’ என்று இரண்டு மதிப்பீடு இருந்தால் முதலாவது நூலுக்கு, இரண்டாவது மேலுறைக்கு.

‘எக்ஸ் லைப்ரரி’ என்றால் நூலகம் கழித்த பிரதி. முத்திரையும் ஒட்டுச்சீட்டும் இருக்கும். படிக்க வாங்குவோருக்கு இதில் குறையில்லை, விலையும் குறைவு. சேகரிப்போர் தவிர்ப்பார்கள். ‘ஃபாக்சிங்’ என்பது தாளில் விழும் பழுப்புப் புள்ளிகள். ‘பிரின்ட் ஆன் டிமாண்ட்’ என்றால் நாம் பணம் கட்டிய பின் நமக்காக ஒரு பிரதி அச்சிடப்படும் என்று பொருள்.

“அடிக்கோடுகள் இருக்கலாம், குறிப்புகள் இருக்கலாம், மேலுறை இல்லாமல் இருக்கலாம்” என்று எல்லாவற்றுக்கும் ‘இருக்கலாம்’ போட்ட விவரிப்பு, நூலை யாரும் திறந்து பார்க்காமல் ஆயிரக்கணக்கான நூல்களுக்கு ஒன்றாக ஒட்டியது. மலிவான நாவலுக்கு இது போதும். ஆய்வுக்கு வேண்டிய நூலுக்குப் போதாது. எழுதிக் கேட்டால் நல்ல விற்பனையாளர் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவார்.

பெயர் எழுத்துக்கூட்டல்

தமிழ் நூல்களையும் தமிழ் பற்றிய நூல்களையும் தேடும்போது பெரும் தடை எழுத்துக்கூட்டல். சிலப்பதிகாரம் என்பதை ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்திலும் தொடங்குவார்கள், ‘சி’ எழுத்திலும் தொடங்குவார்கள். திருக்குறளை ‘டி’க்குப் பின் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். ஜி.யு. போப் 1886 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பில் குறள் என்ற சொல் இரண்டு ‘ஆர்’ எழுத்துகளுடன் உள்ளது. ஒற்றை ‘ஆர்’ போட்டுத் தலைப்பில் தேடினால் அப்பதிப்பு தப்பிவிடக் கூடும். பொதுச் சொல் தேடலில் ‘போப்’ என்று மட்டும் இட்டாலோ கத்தோலிக்கத் திருத்தந்தையர் வரலாறு முழுவதும் வந்து குவியும். ஆசிரியர் பெயருக்குரிய பெட்டியில் பெயரையும், ஆண்டுப் பெட்டியில் 1886 என்பதையும் இட்டு, தலைப்பைக் காலியாக விடுவதே சிறந்த உத்தி.

விலை

தளத்தில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை. யாரோ கொடுத்து வாங்கிய விலை அன்று. 2011 இல் அமேசானில் ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’ என்ற உயிரியல் நூலுக்கு 2 கோடியே 36 இலட்சம் டாலருக்கு மேல் விலை காட்டப்பட்டது. காரணம் எளியது. ஒரு விற்பனையாளரின் கணினி நிரல், போட்டியாளர் விலையை விடச் சற்றே குறைத்து விலை வைத்தது. மற்றவரின் நிரல், முதலாமவர் விலையைப் போல் ஏறத்தாழ 1.27 மடங்கு வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நாள்தோறும் விலையை ஏற்றிக்கொண்டே போயின. பெர்க்லி உயிரியலாளர் மைக்கேல் ஐசன் இதைக் கவனித்து வந்து, விலை இறங்கிய பின் இதைப் பற்றி எழுதினார். ஆகவே வீட்டில் உள்ள பழைய நூலுக்கு இணையத்தில் இலட்சம் ரூபாய் போட்டிருக்கிறது என்று மகிழவும் வேண்டாம். வேண்டிய நூலுக்கு அப்படிப் போட்டிருக்கிறது என்று மனம் தளரவும் வேண்டாம்.

வாங்கும் முன்

வெளிநாட்டிலிருந்து வரும் நூலுக்கு அஞ்சல் செலவு நூலின் விலையை விஞ்சுவது உண்டு. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்கவரியும் விதிக்கப்பட்டது. எனவே படிப்பதே நோக்கமானால் முதலில் இலவச வழிகளைப் பார்க்க வேண்டும். இணைய ஆவணகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் தளம் ஆகியவற்றில் பழைய நூல்கள் மின்படிகளாக உள்ளன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. உலக நூலகங்களில் ஒரு நூல் எங்கே இருக்கிறது என்று அறிய வேர்ல்ட்கேட் உதவும். நூலகப் பட்டியலில் உள்ள பதிப்பு விவரத்தைக் குறித்துக்கொண்டு விற்பனைத் தளத்துக்குப் போனால், எதைத் தேடுகிறோம் என்பதில் குழப்பம் இராது.

எந்தத் தேவைக்கு எது

படிக்க மலிவான பிரதி: புக்ஃபைண்டர் அல்லது ஆட்ஆல்.

குறிப்பிட்ட ஆண்டின் மூலப்பதிப்பு: வியாலிப்ரி, அடுத்து ஏப்புக்ஸின் விரிவான தேடல்.

தனிக்கடைகளின் கவனமான விவரிப்பு: பிப்லியோ.

பாடநூல், அண்மையில் அச்சு நின்ற நூல்: அலிப்ரிஸ்.

ஜெர்மன் மொழி ஆய்வுநூல்: இசட்.வி.ஏ.பி.

விலையுயர்ந்த அரிய நூல்: பன்னாட்டுக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள்.

இன்று கிடைக்காத நூல்: அறிவிப்பு வசதியுள்ள தளத்தில் பதிந்துவிட்டுக் காத்திருத்தல்.

எத்தளமாயினும் அது தலைப்பைத்தான் தேடித்தரும். பதிப்பைத் தேடிக் கண்டுகொள்வது வாசகரின் வேலை. ஆண்டு, பதிப்பாளர், எத்தனையாவது பதிப்பு என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். அந்த மூன்றும் விவரிப்பில் ஒத்துவந்தால் மட்டும் பணம் செலுத்துங்கள்.